கைரேகைப் பாட்டு யாருடையது

இந்தப் பக்கமா ஒதுங்கி உட்காரும் ஓய், இந்த மண்டபத்துல அந்தத் தூண்கிட்ட ஒழுகும். மழை இப்போதைக்கு விடாது. நீரும் கடம்பங்குடிக்குத்தானே? தேரோட்டத்துக்கு நாடே அங்கதான் போகுது. நானும் அங்கதான் போறேன். ஆனா நான் தேர் பாக்கப் போகல. தேர் பாக்க வாறவுகதான் அப்படியே என் நாடகத்தையும் பாக்கப் போறாக.

உமைபாகக் கவிராயர்னு கேள்விப்பட்டிருக்கீரா? இல்லையா? சரி, கொன்றைநாதர் குறவஞ்சி கேட்டிருப்பீரே. அதுவும் இல்லையா? என்ன ஊரு ஓய் உம்ம ஊரு! போகட்டும். ‘காட்டுங் கையைக் காட்டுங் கையைக் கவிராயரே’ கேட்டிருக்கீரா? ஆ! பாத்தீரா, தலை தானா ஆடுது. அந்தப் பாட்டு போகாத ஊரு கிடையாது. நெல்லு குத்துறவ, ஏத்தம் இறைக்கிறவன், எல்லாரு வாயிலயும் அதுதான். அந்தப் பாட்டு வருதே, அந்த நாடகத்தை எழுதினவன் நான்தான்.

நாடகத்தை எழுதினவன்னு சொன்னேன். பாட்டை எழுதினது யாருன்னு கேக்காதேயும். அங்கதான் வழக்கே.

வழக்கை முதல்லயே சொல்லிடுதேன், மத்தியஸ்தம் பண்ண உமக்கு வசதியா இருக்கும். நாளைக்குக் காலையில கடம்பங்குடிப் பாளையக்காரர் சபையில என் குறவஞ்சி. ஆடப்போறவ பங்கயம். எங்க கொன்றையூர்க் கோயில்ல ஆடுறவ. அவளுக்கு மிஞ்சி ஆட இந்தச் சீமையில ஆளில்ல, அதை நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன். ஆனா அவ ஒரு நிபந்தனை போட்டிருக்கா. சலங்கை கட்டுறதுக்கு முன்னால நான் சபை நடுவுல எந்திரிச்சு நிக்கணுமாம். அந்தக் கைரேகைப் பாட்டு என் பாட்டு இல்ல, பங்கயம் கட்டின பாட்டுன்னு என் வாயால சொல்லணுமாம். சொன்னா ஆடுவா. சொல்லலைன்னா வந்த வண்டியிலயே ஊருக்குத் திரும்பிருவா. ஆயிரம் செய்யுள் செஞ்சவனை ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுதா ஓய்! நியாயமா இது?

பொறும், முழுசும் கேட்டுட்டுச் சொல்லும்.

குறவஞ்சிக் கதை உமக்குத் தெரிஞ்சதுதான். சாமி வீதியில உலா வருவார். ஒரு பொண்ணு பாத்து மயங்கிப் போவா. அப்புறம் மலையில இருந்து குறத்தி வந்து அவ கையைப் பாத்து, ‘கவலைப்படாதே அம்மே, அவர் உனக்குத்தான்’னு குறி சொல்லுவா. எல்லாக் குறவஞ்சிக்கும் இதே கதைதான். கதை ஒண்ணுன்னா வித்தியாசம் எதுல? வர்ணனையில! உவமையில! அங்கதான் கவிராயன் நிக்கணும்.

நான் நின்னேன். அந்தப் பொண்ணு வீதிக்கு வாற கட்டத்துக்கு மட்டும் அறுபத்துநாலு வரி எழுதினேன். கால் நகத்துல ஆரம்பிச்சுக் கூந்தல் நுனி வரைக்கும் ஒண்ணு விடல. ஏட்டைத் தூக்கிட்டு மருதப்பன் வீட்டுக்குப் போனேன். மருதப்பன்தான் நட்டுவன், பங்கயத்துக்குத் தாய்மாமன், அவளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவன். அவன் வீட்டு முன்கட்டுலதான் ஆட்டப் பழக்கம் நடக்கும். நான் அறுபத்துநாலு வரியையும் ஒரே மூச்சுல பாடி நிறுத்தினேன். மருதப்பன் தாளம் போடுற தட்டுக்கழியைக் கீழ வச்சுட்டு வெத்தலைச் செல்லத்தை எடுத்தான். அதுவே மரியாதைக் குறைவு, கவனிச்சீரா?

அவ கேட்டா: “கவிராயரே, இதுல நான் எங்க மூச்சு விடணும்?”

“அது உன் பாடு. பாட்டுதான் என் பாடு”ன்னேன்.

“கண்ணை மீனுன்னு சொல்லிட்டீங்க, வேலுன்னு சொல்லிட்டீங்க, மானுன்னு சொல்லிட்டீங்க, மாவடுன்னும் சொல்லிட்டீங்க. கையில இத்தனையும் புடிச்சுக் காட்டி முடிக்கிறதுக்குள்ள சாமி நாலு வீதியும் சுத்திக் கோயிலுக்குள்ள போயிருவாரே. அந்தப் பொண்ணு எப்ப அவரைப் பாக்க, எப்ப மயங்க?”

மருதப்பன் வெத்தலை புரையேறிச் சிரிச்சான். ஒரு கலைஞனுக்குப் பண்ணுற அவமானம் இது. அதோட விட்டாளா? அறுபத்துநாலை எட்டாக் குறைங்கன்னா. எட்டு! பிள்ளையைப் பெத்தவன்கிட்ட வந்து காலு ரெண்டு அதிகமா இருக்கு, வெட்டிருவோமான்னு கேக்கிற மாதிரி இருந்துச்சு எனக்கு.

பின்னே நீ என்னத்த ஆடுவேன்னு கேட்டேன். எந்திரிச்சு நின்னா. சாமி தேரடி திரும்பிப் போறாராம், இவ அங்கயே நிக்காளாம். “இந்த இடத்துல அவ உவமை சொல்ல மாட்டா கவிராயரே. ‘அவுக பாட்டுக்குப் போறாக, நான் இங்கயே நிக்கேன்’னுதான் சொல்லுவா”ன்னா. நான் எழுத்தாணியை எடுத்து அதை ஏட்டுல எழுதினேன். கவனியும், அவ சும்மா பேசினா, நான் எழுதினேன். பேச்சு காத்தோட போயிரும், எழுத்து நிக்கும்.

அடுத்து அவ சொன்னதைக் கேட்டா உமக்கே சிரிப்பு வரும். அந்த ஒரு வரியை எட்டுத்தரம் பாடச் சொன்னா. ஒரே வரியை எட்டுத்தரம் பாடுறதுக்கு எதுக்கு ஓய் கவிராயன்? கிளி போதாதா? அவகிட்டயும் அதைத்தான் கேட்டேன். “பாடிப் பாருங்க”ன்னா. பாடினேன். முதல்தரம் கோபமா நின்னா. ரெண்டாந்தரம் வெக்கமா. அப்புறம் யாரோ தெருவுல பாத்துட்டாகன்னு வளையலைச் சரி பண்ணுற மாதிரி. ஏழாந்தரம் சும்மா நின்னா, ஒண்ணுமே பண்ணல. எட்டாந்தரம் நான் வரியைப் பாதியில விட்டுட்டேன். அடுப்பங்கரையில மிளகாய் வறுத்தாக போல, கண்ணுல தண்ணி வேற. அந்த வீட்டுல எப்பவுமே புகை அதிகம்.

அப்படியே தை, மாசி ரெண்டு மாசமும் போச்சு. நான் எழுதிட்டுப் போவேன், அவ ஆடிப் பாத்துட்டு நிறுத்துவா. “இதைக் கையால சொல்லிருவேன், நீங்க வாயால வேற சொல்ல வேண்டாம்”பா. இல்லைன்னா, “இங்க எனக்குத் திரும்புறதுக்கு ஒரு அடி இடம் குடுங்க”ம்பா. நானும் குடுத்தேன். மனசு கேக்காமத்தான் குடுத்தேன். ஒரு தரம் அவ பாதி ஆட்டத்துல, ‘இந்த இடத்துல உங்க வரிதான் வேணும், என் கை போதாது’ன்னு சொன்னது ஞாபகம் இருக்கு. அன்னிக்கு ஒரு நாள்தான் நான் வீட்டுக்குப் போயி வயிறாரச் சாப்பிட்டேன்.

கடைசியில அறுபத்துநாலு வரி பன்னிரண்டு ஆச்சு. அதுக்குக் குறைய மாட்டேன்னு நான் ஒத்தைக்கால்ல நின்னேன். அவளும் சரின்னா. ஆனா அரங்கேற்றத்துக்கு ரெண்டு நாள் முன்னால மருதப்பன் வந்து, அந்தப் பன்னிரண்டும் வேண்டாமாம், எட்டு அடி ஜதியோட உள்ள வந்து அப்படியே சாமியைப் பாத்துருவாளாம்னான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். ஏன் தெரியுமா? எங்க வழக்கப்படி அரங்கேற்றத்தன்னைக்கு ஏடு புடிக்கிறவன் கவிராயன்தான். ஆடுறவளுக்குப் பின்னால நின்னு அடி எடுத்துக் குடுப்பான். அவன் எதை எடுத்துக் குடுக்கானோ அதைத்தான் பின்பாட்டுக்காரனும் பாடியாகணும்.

புரிஞ்சுதா? ஹஹ்ஹா!

பங்குனி உத்திரத்தன்னிக்கு, கொன்றைநாதர் கோயில் முன்மண்டபம். எங்க ஊர்ப் பாளையக்காரர் திண்டுல சாஞ்சு உட்கார்ந்திருக்கார். கூட்டம் மதில் மேலயும் ஏறி உட்கார்ந்திருக்கு. பங்கயம்தான் அந்தப் பொண்ணு, பங்கயமேதான் குறத்தியும். கொண்டையை மாத்திக் கட்டி ஒரு கூடையை இடுக்கினா குறத்தியாயிருவா. பொண்ணு ஆட்டம் முடிஞ்சு, குறத்தியா அவ உள்ள வாறா. வந்து கையைப் பாக்கணும். அந்தப் பொண்ணுதான் மேடையில இல்லையே, தன் இடக்கையையே தான் புடிச்சுப் பாக்கிற மாதிரி பழக்கம் பண்ணியிருந்தா. பொண்ணு வாற இடத்துல மருதப்பன் கண்ணு என் மேலயே இருந்துச்சு, அதனால அங்க விட்டுட்டேன். இப்ப எடுத்துக் குடுத்தேன் பாரும், அந்தப் பன்னிரண்டு வரியை! கண்ணு மீனு, கண்ணு வேலு, கண்ணு மாவடு!

பின்பாட்டுக்காரன் முழிச்சான். மருதப்பன் கழி தாளம் தப்புச்சு, முப்பது வருஷத்துல முதல்தரமா. பங்கயம் மட்டும் ஒரு இமை அசைக்கல. நான் மூணாவது வரியில இருக்கேன், அவ மெதுவா என் பக்கம் திரும்பினா. கூடையைக் கீழ வச்சா. நேரா வந்து, ஏடு புடிச்சிருந்த என் கையை, இந்தக் கையை, இழுத்து விரிச்சு வச்சுக்கிட்டுச் சபையைப் பாத்துப் பாடினா:

காட்டுங் கையைக் காட்டுங் கையைக் கவிராயரே – இந்தக்
கைக்குள் எழுத்தாணி ஓயாது கண்டேன் ஐயே!
பாட்டு முடிஞ்ச பின்னும் பாடுதிங்கே – சபை
பாயைச் சுருட்டினாலும் கூடுதிங்கே!
வீட்டில் அரிசியில்லை உவமையுண்டு – பசி
வேளைக்கு வெண்பா அவிச்சதுண்டு!
கேட்டவர் தூங்குமுன்னே ஏட்டைக் கட்டும் – நான்
கெஞ்சிக் கேட்கிறேன் ஐயே, வாயைக் கட்டும்!

எதுகையைப் பாத்தீரா? காட்டு, பாட்டு, வீட்டு, கேட்ட! நின்ன நிலையில, யோசிக்கக்கூட நேரமில்ல, ஒரு சீர் பிசகலையே ஓய்! நான் வீட்டுல உட்கார்ந்து நாலு நாள் முழிச்சாலும்... சரி, அது கிடக்கட்டும்.

சபை சிரிச்சுச்சு பாரும், மதில் மேல இருந்து ரெண்டு பேரு விழுந்துட்டான். பாளையக்காரர் திண்டைக் கட்டிக்கிட்டுச் சிரிச்சார். எனக்குப் பெருமை தாங்கல. அந்தப் பன்னிரண்டு வரிக்கு இப்படி ஒரு வரவேற்பான்னு நினைச்சேன். வீட்டுக்குப் போயி என் வீட்டுக்காரிகிட்ட, சபை எப்படிச் சிரிச்சுது பாத்தியான்னேன். “உங்க பாட்டுக்குச் சிரிக்கல, உங்களைப் பாத்துல்லா சிரிச்சாக”ன்னா. ரெண்டும் ஒண்ணுதான்டீன்னு சொல்லிட்டு ஏட்டை எடுத்து, மறந்துபோறதுக்கு முன்னால அந்தப் பாட்டை எழுதி வச்சேன். நல்ல பாட்டு வீணாப் போயிரக்கூடாதுங்கிற அக்கறைதான். எழுதினது என் ஏடு, என் நாடகம், ஏட்டுக்கு மேல என் பேரு. நாலு ஊர்க்காரன் வந்து படியெடுத்துட்டுப் போனான். அப்புறம் பாட்டு அது பாட்டுக்குப் போயிருச்சு.

மறுநாள் பாளையக்காரர் கூப்பிட்டு எனக்குப் பட்டுச் சால்வை போத்தினார். “கவிராயரே, அந்தக் கைரேகைப் பாட்டு யார் செஞ்சது? உம்மை நீரே கேலி பண்ணிக்கிற துணிச்சல் யாருக்கு ஓய் வரும்!”ன்னார். அடியேன்தான்னு வாய் சொல்லிருச்சு. நான் சொல்லல ஓய், வாய் சொல்லிருச்சு. ராசா கேக்காரு, சால்வை தோள்ல கிடக்கு, சபை பாக்குது. அந்த நேரத்துல வழக்கை விரிச்சுச் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?

பங்கயம் தூணோரத்துல நின்னா. என்னைப் பாத்தா. சும்மா பாத்தா, அவ்வளவுதான். கோபமாக்கூடப் பாக்கல. நான் உடனே சமாளிச்சுக்கிட்டு, பங்கயம் சலங்கையும் நல்லாத்தான் இருந்துச்சுன்னு ராசாகிட்டச் சொன்னேன். அவளுக்கும் ஒரு பங்கு பாராட்டு போகணும்ல? அதுக்கப்புறம் எட்டு மாசம் என்கிட்டப் பேச்சே கிடையாது. தெருவுல எதிர்ப்பட்டா அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவா. சலங்கையைப் புகழ்ந்ததுக்கு இப்படியா கோவிப்பா ஒருத்தி?

அப்பதான் கடம்பங்குடியில இருந்து ஓலை வந்துச்சு. தேரோட்டத்துக்குக் குறவஞ்சி வேணும், கைரேகைப் பாட்டு அவசியம் இருக்கணும்னு. நான் யோசிச்சேன். பாட்டு ஏட்டுல இருக்கு, கை என்கிட்ட இருக்கு, ஆடுறதுக்கு வேற ஆளா கிடைக்காதுன்னு, பக்கத்து ஊர்ல நல்லா ஆடுறவ ஒருத்தியைப் புடிச்சேன். குரலும் தேன் மாதிரி. ஒரு வரி விடாமப் பாடம் பண்ணிட்டா. நான் கையை நீட்டினேன். அவ புடிச்சுக்கிட்டுப் பாடினா. பழக்கம் பாக்க வந்த இருபது பேரும் கொட்டாவி விடுதான். நான் கையை உருவிக்கிட்டேன். அவளும் பயந்துபோயி, “ஐயா, நான் ஏதாவது தப்பாப் பாடிட்டேனா?”ங்கா. தப்பே இல்ல ஓய். ஒரு எழுத்து தப்பில்ல. ஆனா ஒருத்தன் சிரிக்கல.

மருதப்பன் வீட்டுக்கு நாலுதரம் நடந்தேன். அஞ்சாவது தரம்தான் அவ நிபந்தனை வெளிய வந்துச்சு. அவ வரல, மருதப்பன்தான் வந்து சொன்னான். அதோட இன்னொண்ணும் சொன்னான். பங்கயம் சொன்னாளாம், “கவிராயர் அன்னிக்கு அந்தப் பன்னிரண்டு வரியைப் பாடலைன்னா எனக்கு அந்தப் பாட்டே வந்திருக்காது, அதை நானும் சபையில சொல்லுவேன்”னு. அதாவது நான் கெடுத்ததாலதான் அவளுக்குப் பாட்டு வந்துச்சாம்! இது பாராட்டா, ஏச்சா? நாலு நாளா யோசிக்கேன், பிடிபடல.

ஆக, வழக்கு இதுதான். நீர் சொல்லும். என்ன முழிக்கீர்?

சரி, உம்மகிட்டச் சொன்னா என்ன, நாளைக்கு நீர் கூட்டத்துல ஒரு தலை. எனக்கு வெக்கம் இல்ல ஓய். பயம். அந்த நாடகத்துல எழுநூறு வரி என் வரி. நீர் ஒரு வரி கேட்டதில்ல. நாடகத்துப் பேரே நீர் கேட்டதில்ல. என் பேரும் கேட்டதில்ல. உம்ம தலை ஆடுனது ஒரே ஒரு பாட்டுக்கு. அதையும் எடுத்து அவ கையில குடுத்துட்டா உமைபாகனுக்குன்னு என்ன மிச்சம்? நாளைக்கு நான் எந்திரிச்சு நின்னா யாரைப் பாக்குறதுன்னு சபைக்குத் தெரியுமா?

அது அவ பாட்டு ஓய். முழுசும் அவ பாட்டு. நான் கையை மட்டும்தான் நீட்டினேன். அதையும் அவதான் புடிச்சு இழுத்தா.

அடடா. சொல்லிட்டேனே. பாத்தீரா, இடி விழல. தூண் அப்படியே நிக்குது.

பேச்சு வாக்குல நீர் யாருன்னு நான் கேக்கவே இல்லையே. என்ன சோலி உமக்குக் கடம்பங்குடியில? என்னது? கட்டியக்காரரா? சபையில கோலைத் தட்டி ராசா வாறாரு, வித்துவான் வாறாருன்னு பேரும் பட்டமும் சொல்லி முழங்குவாரே, அந்தக் கட்டியக்காரரா? கடம்பங்குடி சபைக்கேவா? நல்லா இருக்கு! ஒரு நாழிகையா எல்லாத்தையும் கொட்டுதேன், நீர் தலையை ஆட்டிக்கிட்டு... சரி, நான் மூச்சு விட்டாத்தானே நீர் பேச.

என்ன சொல்லுதீர்? நீரே சொல்லிருதீரா? என் பட்டங்களைச் சொல்லும்போதே, ‘கைரேகைப் பாட்டுக் கட்டிய பங்கயத்தாளுக்கு ஏடு பிடித்தவரும்’னு நடுவுல கோத்துச் சொல்லிருதீரா?

நல்ல யோசனைதான். கட்டியத்தை எவன் காது குடுத்துக் கேக்கான்? பட்டத்தோட பட்டமா ஓடிரும். சொன்னதாவும் ஆச்சு, சொல்லாததாவும் ஆச்சு. அவளும் குத்தம் சொல்ல முடியாது. ஓய், நீர் பொல்லாத ஆளு!

ம்.

வேண்டாம் ஓய். நீர் என்னை வாரும்னு மட்டும் சொல்லும். அவ அன்னிக்கு என் கையைப் புடிச்சுப் பாட வந்தப்போ அவளுக்கு யாரும் கட்டியம் கூறல. ஏடும் இல்ல, அடி எடுத்துக் குடுக்க ஆளும் இல்ல. தானா நின்னு தானா சொன்னா. நானும் அப்படித்தான் சொல்லணும்.

சத்தம் கேக்குதா? வண்டி மணிதான். மருதப்பன் வண்டி, அந்தச் செவலைக் காளை அவனுதுதான். இங்க நிறுத்துவான், மழையில ஆத்தைத் தாண்ட மாட்டான். ஓய், கொஞ்சம் என் பக்கத்துல நில்லும். இல்ல, பிடிக்க வேண்டாம், சும்மா நில்லும்.

பங்கயம்! இறங்காதே, நனைஞ்சுருவே. அங்கயே இருந்து கேளு. இவர் கடம்பங்குடி சபைக் கட்டியக்காரர். இவர் சாட்சியாச் சொல்லுதேன். மருதப்பா, நீயும் கேளு. அந்தக் கைரேகைப் பாட்டு பங்கயம் பாட்டு. நான் கட்டல. ராசாகிட்ட நான் சொன்னது பொய்.

என்ன? மழைச் சத்தத்துல சரியா விழல, நீர் கேட்டீரா ஓய், என்ன சொல்லுதா?

நாளைக்குச் சபையில இதைவிட உரக்கச் சொல்லணுமாம்.